பென்ஸ் காரின் அடிவயிறு

ஒருத்தியை ராசியில்லாதவள் என்று சொல்ல ஊருக்குக் காரணமே வேண்டாம். ஆனால் எங்கள் பொர்ஷ் ஊரில் ஃபெரூஸேயை அப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அந்தக் காரணத்துக்கு நான்கு சக்கரமும் ஒரு டீசல் இன்ஜினும் உண்டு. அவளுடைய கணவனின் அண்ணன் சப்ரியின் வாசலில், அத்திமரத்து நிழலில், இன்றைக்கும் அது நிற்கிறது. பழைய பென்ஸ் கார்.

ஃபெரூஸே வ்லோராக்காரி. அவளுடைய அப்பா அரசாங்க லாரி ஓட்டியவர். கம்யூனிஸ்டுகளின் காலத்தில் ஒருவரிடமும் சைக்கிளுக்கு மேல் சொந்தமாக எதுவும் கிடையாது; லாரிக்காரன் என்றால் ராஜா. அந்த ராஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லொகாரா மலையை ஏறி இறங்கியே வளர்ந்தவள் அவள். மற்றப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுக்கிற வளைவுகளில் இவள் சாவகாசமாக ரொட்டியும் வெங்காயமும் தின்பாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்யூனிஸ்டுகள் போன சில வருஷத்தில் அவளை எங்கள் ஊர் பார்திலுக்குப் பேசி முடித்தார்கள். பார்தில் சாது. அண்ணன் சப்ரி சொன்னால் சூரியன் மேற்கே உதிக்கிறது என்பான். ஊருக்கு முதல் கார் வந்ததும் அந்த வருஷம்தான். ஜெர்மனியிலிருந்து எத்தனை கை மாறி வந்ததோ, சப்ரி அதைத் தன் வயிற்றில் பிறந்த பிள்ளை மாதிரி கொண்டாடினார். மனைவி நூரியேயின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததை யாரும் கண்டதில்லை. பென்ஸின் முகத்தை மட்டும் நாளுக்குப் பத்துத் தடவை துடைப்பார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டில் காத்திருக்க, சொந்தக்காரர்கள்தான் போய்ப் பெண்ணழைத்து வருவார்கள். அதற்கு இரண்டு விதி உண்டு. போகிற வண்டிகள் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். போன வழியே திரும்பி வரக் கூடாது. வந்தால் பெண் வந்த வழியே போய்விடுவாள், வீட்டின் அதிர்ஷ்டத்தையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். வ்லோராவுக்கு இங்கிருந்து இரண்டே வழி. ஒன்று, ஹிமாரா தாண்டி லொகாரா மலையேறிப் போகும் கடற்கரைச் சாலை. மற்றது, மலைக்குப் பின்னால் குச் ஊர் வழியாக வரும் பள்ளத்தாக்குச் சாலை. சாலை என்பது மரியாதைக்குச் சொல்வது, அது கல்லும் குழியும்தான். போகும்போது கடலைப் பார்த்துக்கொண்டு போவோம், வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வருவோம். ஊரில் வாழ வந்த பெண்கள் எல்லாரும் அப்படித்தான் வந்தார்கள், ஃபெரூஸே ஒருத்தியைத் தவிர.

அன்றைக்கு நடந்தது இதுதான். வ்லோராவில் இரண்டு சாலையும் பிரிகிற இடத்தில் சப்ரி வண்டியை நிறுத்தி இறங்கினார். பள்ளத்தாக்குச் சாலையின் கற்களைப் பார்த்தார். குனிந்து பென்ஸின் அடியில் பார்த்தார். "இந்தக் கல்லுல விட்டா என் தங்கத்துக்கு வயிறு கிழிஞ்சிடும்" என்று முனகினார். முக்காட்டுக்குள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த ஃபெரூஸேயின் காதில் அது தெளிவாக விழுந்தது. ஆனால் மணப்பெண் புகுந்த வீட்டு வாசலைத் தாண்டும்வரை வாய் திறக்கக் கூடாது, கண் நிமிரக் கூடாது. பக்கத்தில் துணைக்கு உட்கார்ந்திருந்த பெரியத்தைக்கோ இரண்டு காதும் செவிடு. சப்ரி பின்னால் போய், வெளியூரிலிருந்து வாடகைக்குப் பிடித்த மற்ற வண்டிக்காரர்களிடம் ஏதோ சொன்னார். எல்லா வண்டியும் வந்த வழியே, கடற்கரைச் சாலையிலேயே திரும்பின.

என்ன சொன்னார் என்பது மூன்றாம் நாள் மாமியார் வாயால்தான் தெரிந்தது.

"ஏம்மா, வயித்தைக் கொஞ்சம் அடக்கி வெச்சிருக்கக் கூடாதா? கல்லு ரோட்டுல போனா வாந்தி வரும்னு அழுதியாமே. பாவம் சப்ரி, ஒனக்கு எரக்கப்பட்டு நல்ல ரோட்டுல கூட்டிட்டு வந்துட்டான். இந்த வீட்டு அதிர்ஷ்டம் என்னாகும்னு நெனச்சியா?"

லாரிக்காரன் மகளுக்கு வாந்தியாம்! ஃபெரூஸேக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "நான் ஒண்ணும் சொல்லல அத்தை, அவர்தான் கார்ல கல்லு அடிபடும்னு..." என்று ஆரம்பித்தாள். புது மருமகள் பேச்சு அம்பலம் ஏறுமா? பெரிய மகன் வார்த்தைக்கு முன்னால் அது அடுப்படிப் புகை மாதிரி போய்விட்டது.

அப்புறம் அந்த வீட்டில் எது கெட்டாலும் கணக்கு அவள் தலையில். அந்த வருஷம் ஒலிவ மரங்கள் காய்க்கவில்லை, அவளால். பசு செத்தது, அவளால். அவள் மடி நிறையவில்லை, அதற்கு வேறு யாரைச் சொல்வார்கள்? நாடே கலவரத்தில் எரிந்து எல்லார் வீட்டுச் சேமிப்பும் பறிபோன வருஷத்தில்கூட, மற்ற வீடுகளில் போனதற்கு அரசாங்கம் காரணம், இவர்கள் வீட்டில் போனதற்கு ஃபெரூஸே காரணம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பார்தில் கிரேக்க நாட்டுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவன், கோபமாகக்கூட இல்லை, அதுதான் கொடுமை, மெதுவாகச் சொன்னான்: "அன்னைக்கு மட்டும் நீ கொஞ்சம் பொறுத்திருந்தா நல்லா இருந்திருக்கும், ஃபெரூஸே."

"நான் வாயே தெறக்கல பார்தில். உங்கண்ணன்தான் கார் வயிறு கிழியும்னு திருப்பினாரு."

"அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு."

அதுதான் அவன் அவளிடம் சொன்ன கடைசிப் பேச்சு. சாரத்திலிருந்து விழுந்து பெட்டியில் திரும்பி வந்தான். குச் பாதை ஊருக்குள் இறங்கும் இடத்தில், கடைசிக் கல்பாலத்துக்கு மேலே இருக்கிற சரிவில் அவனைப் புதைத்தார்கள். அன்று காப்பிக்கடையில் சப்ரி பெருமூச்சு விட்டாராம். "பொண்ணு கூட்டிட்டு வந்த வழி அப்படி. என் தம்பி குடுத்துவெச்சது அவ்வளவுதான்." சொல்லிவிட்டு வெளியே போய் பென்ஸைத் துடைத்தார். இந்த ஆளை என்ன செய்யலாம் சொல்லுங்கள்!

ஃபெரூஸே பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் வந்த வழியே போய்விட்டாள் என்று அந்தச் சொல்லும் பலித்திருக்கும். அப்பா கற்றுக்கொடுத்த ஸ்டீரிங் கையில் இருந்தது. ஓட்டை வேன் ஒன்றைப் பிடித்தாள். யாரும் போக விரும்பாத அந்தப் பள்ளத்தாக்குச் சாலையில் ஊர் ஊராக நின்று, ஆட்டுப்பாலும் பாலாடைக்கட்டியும் ஏற்றிக்கொண்டு வ்லோரா சந்தைக்குப் போய் வந்தாள். இருபது வருஷத்துக்கு மேல் தினமும் அதே சாலை. அந்தக் கற்களுக்கெல்லாம் அவள் சக்கரம் அத்துப்படி. மலைக்காரர்களுக்கு ராசி கீசி என்ற கவலை கிடையாது. "பால் திரியாம போய்ச் சேந்தா அதுதான் ராசி" என்பாள் குச் ஊர் ஸெனெபே. நாற்பது ஆடு வைத்திருப்பவள், நாலு ஊருக்குக் கேட்கிற வாய்.

இப்படி இருக்கும்போதுதான் சப்ரியின் ஒரே மகன் ஆர்திட்டுக்குக் கல்யாணம் கூடியது. பெண் மிரெலா. ஊர் எது? வ்லோரா!

பயணத் திட்டம் போட சப்ரி தன் அத்திமரத்தடியில் சொந்தக்காரர்களைக் கூட்டினார். மேசை மேல் ராக்கிச் சாராயம், காப்பி, பிளந்த தர்பூசணி. ஃபெரூஸேக்கும் ஆள் வந்தது. பாலாடைக்கட்டி கேட்பார்கள் என்று நினைத்து ஒரு சட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

"எத்தனை வண்டி?" என்று தொடங்கினார் ஹிஸ்னி. சப்ரிக்குப் பெரியப்பா மகன், எழுபதைத் தாண்டியவர், வழக்கம் என்று எதைக் கேட்டாலும் ஊர் அவர் முகத்தைத்தான் பார்க்கும்.

"பத்து."

"பத்தா? எழவுக்கா போறீங்க? ஒண்ணு கூட்டு, இல்ல ஒண்ணு கொற."

"சரி, பதினொண்ணு. லொகாரா உச்சியில நிறுத்தி ஆளுக்கு ஒரு காப்பி."

"காப்பியா! ஆட்டுக்கறின்னு சொல்லுடா. போன கல்யாணத்துல வெறும் காப்பியைக் குடிச்சிட்டுப் போய், பொண்ணு வீட்டுல பஞ்சத்துல அடிபட்டவங்க மாதிரி தின்னு மானத்தை வாங்கினீங்க."

"என் பக்கத்து ஜன்னலை மட்டும் யாரும் தெறக்கக் கூடாது" என்றாள் நூரியே. "ரெண்டு பக்கமும் காத்து வந்தா எனக்குக் கழுத்து புடிச்சுக்கும்."

"செப்டம்பர் வெயில்ல மூடிவெச்சா எங்களுக்கு மூச்சே புடிச்சுக்கும் நூரியே."

"வழக்கத்துக்குப் பொண்ணு வீட்டுல கரண்டி திருடறது யாரு?"

"ஹிஸ்னி மாமாவை விட்டுறாதீங்கப்பா. போன தடவை கரண்டி எடுக்கச் சொன்னா கதவுக் கைப்பிடியைக் கழட்டிட்டு வந்தாரு."

எல்லாரும் சிரித்தார்கள். ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஃபெரூஸேயும் சிரித்தாள். அப்போது சப்ரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொண்ணு நம்ம பென்ஸ்லதான் வரும். அதனால நான் என்ன நெனக்கிறேன்னா, போறதும் கடல் ரோடு, வர்றதும் கடல் ரோடுன்னு வெச்சுக்கலாம். காலம் மாறிப்போச்சு. இப்பல்லாம் யாரு வழியைப் பாக்கறாங்க?"

நூரியே தர்பூசணிக் கத்தியை மேசை மேல் ஓங்கிப் போட்டாள்.

"யாரு பாக்கறாங்களா? நான் பாக்கறேன்! எனக்கு ஒரே புள்ள. போன வழியே பொண்ணைக் கூட்டிட்டு வந்து நம்ம பார்தில் வீடு என்னாச்சுன்னு கண்ணால பாத்தோமே, போதாதா?" சொல்லிவிட்டுத்தான் ஃபெரூஸே அங்கே இருப்பது அவளுக்கு நினைவு வந்தது. வந்தும் என்ன, தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"அன்னைக்கும் நான் பள்ளத்தாக்கு வழின்னுதான் சொன்னேன்" என்றார் சப்ரி. ஃபெரூஸேயை வைத்துக்கொண்டே, கொஞ்சமும் கூசாமல் சொன்னார். "பாவம், இந்தப் பொண்ணு வயிறு தாங்கல. அழுதுச்சு. நானும் மனுசன்தானே? சரி, போகட்டும், ஆறின கஞ்சி. ஃபெரூஸே, நீதான் தெனம் அந்த வழியா போறவ. பென்ஸுக்கு அடிபடாம எப்படி வர்றதுன்னு சொல்லு."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அது. அவளுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. ஆனால் குரலில் ஒன்றும் காட்டாமல் வழி சொன்னாள். குச் தாண்டினால் வலது ஓரமாக ஒட்டி வா. ஓடையில் இறங்கும்போது மூன்று பாறைக்கு இடது பக்கம். மண்சரிவு இடத்தில் சக்கரத்தை மேட்டில் ஏற்று. ஒவ்வொரு கல்லாகச் சொன்னாள். ஊருக்கு முன்னால் கல்பாலம் முடிகிற இடத்தில் புல்லுக்குள் ஒரு கல் முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அதை மட்டும் சொல்லவில்லை.

"இவ்வளவு எங்க ஞாபகம் வெச்சுக்கறது? நானே வேன்ல முன்னால வர்றேன், பின்னாலயே வாங்க" என்றாள்.

சப்ரி நூரியேயைப் பார்த்தார். நூரியே தட்டைப் பார்த்தாள்.

"இல்ல ஃபெரூஸே" என்றார் சப்ரி, சர்க்கரை தடவிய குரலில். "தப்பா எடுத்துக்காதே. பொண்ணு வண்டிக்கு முன்னால... நீ... புரியுதில்ல? ஊரு நாலு விதமா பேசும். சகுனம்னு ஒண்ணு இருக்குல்ல. நீ வீட்டுல இரு, ஒன் பங்குக் கறியைக் குடுத்து அனுப்பறேன்."

"புரியுது அத்தான்" என்றாள் ஃபெரூஸே. அந்த நிமிஷத்தில் அவளுக்குள் ஏதோ ஒன்று கெட்டியாக உறைந்தது. "நான் வரல. ஆனா அந்தப் பக்கத்து ஆளுங்க வழக்கப்படி பொண்ணு வண்டியை மறிச்சுக் கயிறு கட்டினா?"

"கட்டட்டுமே. ராக்கி இருக்கு, சிகரெட் இருக்கு."

"கயித்துக்கு அவங்க கேட்டதைக் குடுக்கணும்டா" என்று ஹிஸ்னி விரலை ஆட்டினார். "நாம குடுக்கறது இல்ல, அவங்க கேக்கறது. குடுக்க முடியலன்னா அந்த வழி மூடிச்சு, திரும்பித்தான் போகணும். கயித்தை அறுத்துட்டு வந்த பொண்ணு வீட்டை அறுத்துடுவா."

"கேட்டதைக் குடுப்பேன்" என்று சப்ரி நெஞ்சில் தட்டிக்கொண்டார். "என் மகன் கல்யாணத்துல சப்ரி இல்லேன்னு சொன்னான்னு இருக்கக் கூடாது. எல்லாரும் கேட்டுக்கோங்க!"

ஃபெரூஸே நன்றாகக் கேட்டுக்கொண்டாள். கொண்டுபோன பாலாடைக்கட்டிச் சட்டியைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

மறுநாள் பாலெடுக்கப் போனபோது ஸெனெபேயிடம் சொன்னாள். கல்பாலத்தில் கயிறு கட்ட வேண்டும், நாலைந்து ஆளோடு.

"நீ வெஷம் வெக்கச் சொன்னாக்கூட வெப்பேன், கயிறுதானே" என்றாள் ஸெனெபே. "என்ன கேக்கறது? ஆடா?"

"நீ ஒண்ணும் கேக்காதே. எது நீட்டினாலும் வாங்காதே. நான் வந்து கேப்பேன்."

விஷயத்தைச் சொன்னதும் ஸெனெபே மோவாயில் கை வைத்தாள். "அடிப்பாவி, இத்தனை வருஷமா நெஞ்சுக்குள்ள வெச்சுப் பூட்டியிருந்தியா! சரி, ஆனா அந்த ஆளு வாயைத் தெறக்கலைன்னா? பாலத்துலேருந்து திரும்பிப் போனா கடல் ரோடுதான். அந்த வ்லோராப் பொண்ணு தலையிலயும் ஒன் தலையெழுத்து விடியுமேடி. அவ என்ன பாவம் பண்ணா?"

"நான் என்ன பாவம் பண்ணேன்?" என்றாள் ஃபெரூஸே. பால் கேனைத் தூக்கி வேனில் வைத்தாள். "அவ வழி அவரு வாயில இருக்கு. அவருக்கு மகன் பெருசா, பொய் பெருசான்னு பாத்துடலாம்."

அவள் நல்லவள் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அந்தப் பெண் மிரெலா எக்கேடு கெட்டாலும் சரி என்றுதான் அன்று அவள் நினைத்தாள். கல்யாணத்துக்கு மிச்சமிருந்த நாளெல்லாம் அந்த நினைப்பிலேயே வண்டி ஓட்டினாள், அந்த நினைப்பிலேயே ரொட்டி சுட்டாள், ருசித்தே தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினொரு வண்டியும் கொடி கட்டி, ஹாரன் அடித்து, கடற்கரைச் சாலையில் கிளம்பின. பென்ஸ் முன்னால், சப்ரி ஸ்டீரிங்கில், பின் சீட்டில் நூரியே, ஜன்னல் இறுக மூடி. ஃபெரூஸே வீட்டு வாசலில் நின்று பார்த்தாள். நூரியே பார்க்காத மாதிரி போனாள். வண்டிகளின் புழுதி அடங்கியதும் ஃபெரூஸே வேனைக் கிளப்பிக்கொண்டு குச் ஊருக்குப் போய், ஸெனெபேயையும் நாலு இடையர்களையும் ஏற்றி வந்து கல்பாலத்தில் இறக்கினாள். வேனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஊரைப் பார்த்து நிறுத்தினாள். மேலே சரிவில் கல்லறைகள். கீழே ஊரில் கிளாரினெட் வாசித்துப் பார்க்கிற சத்தம் மேலே வரை கேட்டது.

சாயங்காலம் ஹாரன் சத்தம் மலையிறங்கி வந்தது. பென்ஸ் முதலில் பாலத்தில் ஏறி, கயிற்றைக் கண்டு நின்றது. பின்னால் பத்து வண்டியும் ஒன்றன் பின் ஒன்றாக, பள்ளத்துக்கும் பாறைக்கும் நடுவில்.

சப்ரி தலையை நீட்டினார். முகமெல்லாம் புழுதி, அதன் நடுவில் பல். "வந்துட்டோம்யா! ஒரு கல்லு படாம கொண்டாந்துட்டேன்! இந்தாங்க, ராக்கி."

ஸெனெபே வாங்கவில்லை. சிகரெட்டை நீட்டினார், வாங்கவில்லை. "ஆடு ஒண்ணு வீட்டுலேருந்து அனுப்பறேன்" என்றார். ஸெனெபே ஆகாயத்தைப் பார்த்தாள்.

"அட என்னதான் வேணும்?"

கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்திருந்த ஆள் விலக, ஃபெரூஸே வந்து அதைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை வேணும் அத்தான். என்னைக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு வண்டியைக் கடல் ரோட்டுக்குத் திருப்பச் சொன்னது யாரு?"

சப்ரியின் முகத்தில் பல் மறைந்தது. "இது என்ன பேச்சு? நல்ல நாள் அதுவுமா? கயித்தை விடு."

"கேட்டதைக் குடுப்பேன்னு சொன்னீங்க. யாரு சொன்னது?"

"ஊருக்கே தெரியும். நீதான்."

"அப்படின்னா வழி மூடிச்சு" என்றாள் ஃபெரூஸே. "திரும்பிப் போங்க. கடல் ரோடு அங்கதான் இருக்கு."

பின்னால் வண்டிக் கதவுகள் திறந்தன. ஹிஸ்னி தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். சப்ரி அவரைப் பார்த்துக் கத்தினார், "அண்ணே, இவளுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு, சொல்லுங்க!" ஹிஸ்னி கயிற்றைப் பார்த்தார், ஃபெரூஸேயைப் பார்த்தார். "கயித்துக்காரங்க கேட்டாச்சு சப்ரி. குடு, இல்ல திரும்பு. நடுவுல எதுவும் கெடையாது" என்றார்.

சப்ரிக்கு ரோஷம் வந்தது. வண்டியைப் பின்னால் எடுக்க கியரைப் போட்டார். நிஜமாகவே போட்டார்! பென்ஸ் ஒரு முழம் பின்னால் நகர்ந்தது. அவ்வளவுதான், பின் சீட்டிலிருந்து நூரியே அவர் முதுகில் இரண்டு கையாலும் குத்த ஆரம்பித்தாள்.

"நிறுத்துய்யா! எங்க போறே? போன வழியே கூட்டிட்டு வரப் போறியா? என் புள்ள குடும்பம் வெளங்க வேண்டாமா? அவ என்ன கேக்கறா, ஒரு வார்த்தைதானே! சொல்லித் தொலை!"

"நீ சும்மா இரு, ஒனக்குத் தெரியாது..."

"என்ன தெரியாது? அப்ப தெரியறதுக்கு ஏதோ இருக்கா?" நூரியேயின் கை நின்றது. பாலத்தில் எல்லாரும் அதைக் கேட்டார்கள். "சப்ரி. உண்மையைச் சொல்லு. நம்ம புள்ள மேல ஆணையா சொல்லு."

அவருக்குப் பக்கத்தில் கொடி தொங்கியது, கீழே வீட்டுக் கூரை தெரிந்தது, கிளாரினெட் கேட்டது. பின் சீட்டில் தலைகுனிந்திருந்த மிரெலா இதுவரை ஒரு அசைவு அசையவில்லை.

"நான்தான்" என்றார் சப்ரி, ஸ்டீரிங்கைப் பார்த்து.

"கேக்கல" என்றாள் ஃபெரூஸே.

"நான்தான் திருப்பினேன். பென்ஸுக்கு அடிபடும்னு. அவ வாயே தெறக்கல. போதுமா?"

"போதாது. எறங்கி நின்னு சத்தமா சொல்லுங்க. கேக்க வேண்டியவன் மேல அங்க படுத்திருக்கான்."

அவள் கை நீட்டிய சரிவை எல்லாரும் பார்த்தார்கள். சப்ரியும் பார்த்தார். அந்த ஆளின் உதடு கோணிக்கொண்டு போனது. இறங்கினார். பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தம்பி புதைந்த பக்கம் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"நான்தான் திருப்பினேன்! அவ ஒண்ணும் சொல்லல! பென்ஸுக்காக நான்தான் திருப்பினேன்!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது. ஹிஸ்னி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஃபெரூஸே சரிவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் பொய் சொல்ல மாட்டார் என்று சொல்லிப் போனவன் கேட்டானோ இல்லையோ, அது யாருக்குத் தெரியும். அவள் கண்ணில் நீர் வந்தது, அதைத் துடைக்கவில்லை.

அப்போது கடைசி வண்டியிலிருந்து எவனோ ஒரு பொல்லாதவன் கேட்டான்: "அட, கார் வயித்துக்காகவா இந்தம்மா வயித்தைச் சொன்னீங்க?" ஒருவன் சிரித்தான். இன்னொருவன் சிரித்தான். சிரிப்பு வண்டி வண்டியாகத் தாவி பென்ஸ் வரை வந்தது. இன்றைக்கும் எங்கள் ஊரில் அவர் பெயர் பென்ஸ்வயிறு சப்ரிதான். பேரன் பிறந்தால் அவனுக்கும் அதுதான் வீட்டுப்பேர்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நூரியே. கண்ணாடியை, ஆமாம், கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று காலையிலிருந்து மூடிவைத்திருந்த அந்தக் கண்ணாடியை, இறக்கினாள்.

"ஃபெரூஸே... இப்பவாவது ஆறிச்சா ஒனக்கு?"

"இல்லக்கா" என்றாள் ஃபெரூஸே. கயிற்றைக் கீழே போட்டாள். "ஆனா வழி தெறந்தாச்சு. வாங்க."

சிரிக்காத மற்றவள் மிரெலா. மணப்பெண் நிமிரக் கூடாத கண்ணை நிமிர்த்தி அவள் ஃபெரூஸேயை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான், தான் அந்தப் பெண்ணை எந்தப் பள்ளத்தின் ஓரம் வரை கொண்டுபோய் நிறுத்தினோம் என்பது ஃபெரூஸேக்கு உறைத்தது. உறைத்தது, அவ்வளவுதான். வருத்தப்பட அவளுக்கு அன்று நேரமில்லை.

வேனில் ஏறி முன்னால் எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. "போனது பதினொண்ணு, வர்றது பன்னெண்டு" என்று ஹிஸ்னி உரக்கச் சொன்னார். "ஒண்ணு கூடித்தான் வருது. நல்ல சகுனம், எல்லாரும் ஏறுங்க!" ராசியில்லாதவளின் பால் வேன், கேன்கள் கலகலக்க, கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது.

பாலம் முடிகிற இடத்தில் புல்லுக்குள் நீட்டிக்கொண்டிருந்த கல்லை அவள் சக்கரம் பழக்கத்தில் தானாக ஒதுங்கித் தாண்டியது. பின்னால் வந்தது தாண்டவில்லை. டங் என்று ஒரு சத்தம், அப்புறம் நீளமாக இழுபடுகிற சத்தம். கயிறு விழுந்த பிறகு வீடு சேரும்வரை பெண் வண்டி நிற்கக் கூடாது, அதுவும் வழக்கம்தான். சப்ரி நிறுத்தவும் முடியாமல், குனிந்து பார்க்கவும் முடியாமல், ஸ்டீரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு ஓட்டினார். ஃபெரூஸே கண்ணாடியில் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

பாலத்திலிருந்து அத்திமரம் வரை சாலையில் எண்ணெய் கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. அடுத்த மழை வரும்வரை அது அழியவில்லை. அதுவரை ஃபெரூஸே தினமும் காலையில் பாலெடுக்கப் போகும்போது, ஒரு சக்கரத்தை அந்தக் கோட்டின் மேலேயே வைத்து ஓட்டினாள்.